யாழ்தேவிக்கு ஒரு குரல்

கடையில் வாங்கும் ஒரு மொடல் ரயில் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர் தெரியும். 15 மில்லிமீற்றர் நீளம், 11 மில்லிமீற்றர் அகலம். சீனிக்கட்டி அளவு என்பதால் அதைச் சீனிக்கட்டி ஸ்பீக்கர் என்றே அழைக்கிறார்கள். பக்கத்தில் அதைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சிப் பலகை. அதன் பெயர் சவுண்ட் டீகோடர். உலகத்தில் ஓடிய எந்த எஞ்சினின் சத்தத்தையும் அதில் ஏற்றலாம். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றலாம்.

எதை ஏற்றுவது என்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. யாழ்தேவி. அந்தச் சத்தத்தைத் தேடிப் போனபோது நான் வந்து நின்ற இடம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து கார் எடுத்தால் ட்ராஃபிக் இல்லாத நாளில் அரை மணித்தியாலத்தில் போய்விடலாம். மொன்றியலின் கிழக்குப் பக்கம், டிக்சன் வீதி.

யாழ்தேவி என்ற பெயரை வீட்டில் கேட்டிருப்பீர்கள். அது என்ன என்று கேட்டிருக்க மாட்டீர்கள். கொழும்புக் கோட்டையிலிருந்து காங்கேசன்துறை வரை ஓடிய கடுகதி ரயில். 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. பாதை அதைவிடப் பழையது. யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 1902இலேயே ரயில் ஓடியது. 1905இல் அது கொழும்போடு இணைந்தது. எங்கள் அம்மம்மா ரயிலைக் 'கோச்சி' என்றுதான் சொல்லுவா. கொழும்பில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அரசாங்க உத்தியோகத்தர் ஒரு தலைமுறை முழுவதும் இந்தக் கோச்சியில்தான் ஊருக்குப் போய் வந்தது.

இனி விளையாட்டு ரயில்களுக்கு எப்படி வாய் வந்தது என்று பார்ப்போம். அது தெரியாமல் மிச்சம் விளங்காது.

முதல் பல பத்தாண்டுகள் அவை ஊமைதான். சில்லு உருளும் சத்தம், மோட்டாரின் முனகல், அவ்வளவுதான். 1935இல் அமெரிக்காவின் லயனல் கம்பனி தன் நீராவி எஞ்சின் மொடலின் பின்னால் வரும் நிலக்கரிப் பெட்டிக்குள் ஒரு சின்னக் காற்றூதியை வைத்தது. தனி மோட்டார் ஒன்று அதைச் சுழற்ற, காற்று ஒரு குழலுக்குள் போய் உண்மையாகவே விசில் அடித்தது. இதில் எனக்குப் பிடித்தது விசில் இல்லை, அதை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதுதான். தண்டவாளத்தில் போனது மாறுதிசை மின்சாரம். பொத்தானை அமத்தினால் அதோடு கொஞ்சம் நேர்மின்சாரமும் கலக்கும். அதற்கு மட்டும் அசையும் ஒரு ரிலே எஞ்சினுக்குப் பின்னால் காத்திருக்கும். ஓட்டுவதற்கான மின்சாரத்திலேயே ஒரு கட்டளையையும் ஒளித்து அனுப்பலாம் என்ற யோசனை அன்றைக்கே வந்துவிட்டது. 1948இல் அதே கம்பனி டீசல் எஞ்சின் மொடலுக்கு ஹோர்ன் வைத்தது. அதற்கு உள்ளே ஒரு டோர்ச் பற்றறி வேண்டும். பற்றறியை எடுக்க மறந்து பெட்டிக்குள் வைத்த எஞ்சின்களின் அடிப்பாகத்தை அமிலம் தின்றிருப்பதைப் பழைய பொருள் விற்கும் மேசைகளில் இன்றைக்கும் காணலாம்.

பிறகு இலத்திரனியல் வந்தது. 1963இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி ஒரே பாதையில் ஐந்து எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டும் அஸ்ட்ராக் என்ற முறையை விற்றது. 1970களில் சத்தத்தை வெளியே ஒரு பெட்டியில் உருவாக்கித் தண்டவாளம் வழியாக எஞ்சினில் இருக்கும் ஸ்பீக்கருக்கு அனுப்பினார்கள். நீராவி எஞ்சினின் மூச்சு உண்மையில் இரைச்சல்தான், பாட்டு இல்லை; ஆகவே வெறும் இலத்திரனியல் இரைச்சலைத் துண்டு துண்டாக வெட்டினாலே ஓரளவு அது மாதிரி வந்துவிடும். டீசல் அப்படி ஏமாறாது.

பெரிய மாற்றம் 1980களின் இறுதியில் ஜெர்மனியில் லென்ஸ் என்ற கம்பனி செய்த டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் தேசிய மொடல் ரயில் சங்கம் அதைப் பொதுத் தரமாக்கியது. டிசிசி என்பார்கள். நான் வேலையில் நாள் முழுக்க நெட்வேர்க்கோடு மல்லுக்கட்டுபவன் என்பதால் இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. தண்டவாளம் இரண்டும் ஒரு டேட்டா கேபிள். மின்னழுத்தம் ஓயாமல் திசை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு திசையில் 58 மைக்ரோசெக்கன் நின்றால் அது ஒன்று, 100 மைக்ரோசெக்கன் நின்றால் பூச்சியம். ஒவ்வொரு பொதியிலும் முதலில் எஞ்சினின் முகவரி, பிறகு கட்டளை, கடைசியில் பிழை பார்க்க ஒரு பைட். 'மூன்றாம் இலக்க எஞ்சின், ஹோர்ன் அடி.' மற்ற எஞ்சின்களும் அதைக் கேட்கும், தனக்கில்லை என்று விட்டுவிடும். ஓடுவதற்கான சக்தியும் அதே கம்பியில் வருகிறது. 1935இன் யோசனைதான், வளர்ந்துவிட்டது.

அந்தக் கட்டளைக்குச் சத்தம் கொடுக்கும் டீகோடர்களைக் கொலராடோவின் டுராங்கோ நகரிலிருக்கும் சவுண்ட்ராக்ஸ் 1990களின் நடுப்பகுதியில் கொண்டுவந்தது. ஜெர்மனியின் ஈஎஸ்யூ கம்பனியின் லொக்சவுண்ட் அந்தப் பத்தாண்டின் இறுதியில் வந்தது. லொக்சவுண்டின் பெரிய வசதி, சத்தத்தை நீங்களே ஏற்றலாம் என்பது. லொக்புரோகிராமர் என்று ஒரு பெட்டி. ஒரு பக்கம் கணினி, மறுபக்கம் இரண்டு அடி தண்டவாளம். உங்களிடம் இருக்கும் வேவ் கோப்பை அதில் போட்டு எஞ்சினுக்குள் அனுப்பிவிடலாம்.

ஐந்தாம் தலைமுறை லொக்சவுண்டில் 128 மெகாபிட் நினைவகம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செக்கனுக்கு 31,250 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். கிட்டத்தட்ட நாலரை நிமிடச் சத்தம்தான் கொள்ளும். ஓர் எஞ்சினின் முழு வாழ்க்கையையும் இந்த நாலரை நிமிடத்துக்குள் அடக்கவேண்டும். ஆகவே யாரும் நீளமாக ஒரு ரயில் பயணத்தைப் பதிவுசெய்து ஏற்றுவதில்லை. துண்டு போடுவார்கள். எஞ்சின் சும்மா நிற்கும்போது வரும் ஓட்டம் ஒரு துண்டு, அதுவே திரும்பத் திரும்பச் சுழலும். டீசல் எஞ்சினின் கைப்பிடிக்குப் பெரும்பாலும் எட்டுப் படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சுழல் துண்டு, ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. ஹோர்னுக்கு மூன்று: தொடக்கம், நடு, முடிவு. நீங்கள் பொத்தானை அமத்தி வைத்திருக்கும் வரை நடுத்துண்டு சுழலும், விட்டதும் முடிவு வரும். இந்த ஒட்டுகள் காதுக்குத் தெரியாமல் இருந்தால் நல்ல கோப்பு. தெரிந்தால் அது கீறல் விழுந்த இசைத்தட்டு.

இப்போது டிக்சன் வீதிக்கு வருவோம்.

மொன்றியல் லோகோமோட்டிவ் வேர்க்ஸ், சுருக்கமாக எம்எல்டபிள்யூ. நோத்ர்-டாம் கிழக்கும் டிக்சன் வீதியும் சந்திக்கும் பக்கத்தில் இருந்த பெரிய தொழிற்சாலை. 1904இலிருந்து அமெரிக்காவின் அல்கோ கம்பனியின் பிள்ளை. இரண்டாம் உலகப் போரில் ராம், செக்ஸ்டன் கவச வாகனங்களைக் கட்டியது. போருக்குப் பிறகு டீசல் எஞ்சின்கள். 1969இல் அல்கோ எஞ்சின் கட்டுவதை நிறுத்தியபோது தாயின் வரைபடங்கள் பிள்ளையின் கைக்கு வந்தன. 1975இல் பொம்பார்டியே அதை வாங்கியது. 1985இல் புதிய எஞ்சின் கட்டுவது நின்றது. இன்று அந்த இடத்தில் போய்ப் பார்க்கத் தொழிற்சாலை இல்லை.

அதே 1975இல் இந்தத் தொழிற்சாலை இலங்கைக்கு 14 எஞ்சின்களைக் கட்டி அனுப்பியது. எம்எக்ஸ்620 என்பது இங்கே அதன் பெயர். அங்கே எம்4. 1,750 குதிரைவலு, 12 சிலிண்டர், அல்கோ 251 வகை இயந்திரம். வடக்குப் பாதையில் யாழ்தேவியை இழுத்த எஞ்சின்களில் எம்4உம் ஒன்று.

அதற்கு முன்னால் வந்ததும் கனடாவிலிருந்துதான். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1950களில் கனடா இலங்கைக்குக் கொடுத்த எம்2 எஞ்சின்கள் ஒன்ராறியோவின் லண்டன் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் டீசல் தொழிற்சாலையில் கட்டப்பட்டவை. அவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். 569 ஒன்ராறியோ, 570 அல்பேர்ட்டா, 591 மனிற்றோபா. இந்த மனிற்றோபாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பெயர் தெரியாமலே. 2004 டிசம்பர் 26ஆம் திகதி பெரலியவில் சுனாமி அடித்துக்கொண்டுபோன ரயிலை இழுத்துவந்தது அதுதான். பிறகு அதைத் திருத்தி மீண்டும் ஓடவிட்டார்கள்.

கியூபெக்கில் பிறந்து வளர்ந்த எங்களில் பலருக்கு ஊர் வேறு, இங்கே வேறு என்று இரண்டு பெட்டிகள். ரயிலைப் பொறுத்தவரை அந்தப் பெட்டிகள் ஏற்கெனவே கலந்துவிட்டன. எங்கள் பெற்றோர் மொன்றியலுக்கு வருவதற்குப் பத்து வருடத்துக்கு முன்னரே மொன்றியல் கொடிகாமத்துக்குப் போய் ஹோர்ன் அடித்திருக்கிறது.

தமிழ்நாட்டுப் பின்னணி உள்ளவர்களும் விலகிப் போக வேண்டாம். 1960களில் இதே எம்எல்டபிள்யூ இந்தியாவின் மீற்றர் கேஜ் பாதைகளுக்கு 99 எஞ்சின்களைக் கொடுத்தது. பெயர் ஒய்டிஎம்-4ஏ. அதே வடிவத்தை வாரணாசியில் ஒய்டிஎம்-4 என்று கட்டினார்கள். எழும்பூரிலிருந்து தெற்கே மீற்றர் கேஜ் இருந்த காலத்தில் பயணம் செய்த பெரியவர்களுக்கு அந்த ஓட்டம் காதில் இருக்கும். இதற்குள்ளும் அதே 251 குடும்ப இயந்திரம்தான், ஆறு சிலிண்டர்.

சரி, சத்தம். எம்2உம் எம்4உம் இரண்டுமே 12 சிலிண்டர் டீசல். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் வேறுபாடு தெரியும். காரணம் எளிது. எம்2இன் இயந்திரம் இருவீச்சு. தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். எம்4 நால்வீச்சு, இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். சும்மா நிற்கும்போது எம்2 நிமிடத்துக்குச் சுமார் 275 சுற்று. 275ஐ 12ஆல் பெருக்கி 60ஆல் வகுங்கள்: செக்கனுக்கு 55 வெடிப்பு. எம்4 சுமார் 400 சுற்று, ஆனால் பாதிச் சிலிண்டர்தான் ஒவ்வொரு சுற்றிலும்: 40 வெடிப்பு. முழு வேகத்தில் எம்2 835 சுற்றில் 167. எம்4 ஆயிரம் சுற்றளவில் 100. வேகமாகச் சுற்றும் எஞ்சின்தான் தாழ்ந்த குரலில் பேசுகிறது. எம்2இல் காற்றை உள்ளே தள்ளும் ஊதியின் ஊளை சேர்ந்து வரும். எம்4இல் டர்போ. கைப்பிடியைத் திறந்ததும் இயந்திரம் முழங்கும், கரும்புகை வரும், கொஞ்சம் பொறுத்துத்தான் டர்போவின் சீழ்க்கை எழும்பும். ஒய்டிஎம்-4 ஆறு சிலிண்டர் என்பதால் நிற்கும்போது செக்கனுக்கு 20 வெடிப்புத்தான். மனிதக் காது ஓர் ஒலியைச் சுரமாகக் கேட்பதற்கும் தனித்தனித் தட்டாகக் கேட்பதற்கும் இடையிலான எல்லை ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் அது தடதடவென்று எண்ணக்கூடியது மாதிரி இருக்கும்.

இந்தக் கணக்கு எதற்கென்றால், யாழ்தேவி என்று பெயர் போட்ட சத்தக் கோப்பு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கத் தேவையும் இல்லை. இயந்திரம் எதுவென்று தெரிந்தால் அதன் உறவினரைத் தேடலாம். எம்2இன் 12 சிலிண்டர் 567சி இயந்திரம், அதே லண்டன் தொழிற்சாலையில் கனடியன் நஷனல் கம்பனிக்காகக் கட்டிய ஜிஎம்டி-1 எஞ்சினுக்குள்ளும் இருக்கிறது. அதற்குக் கோப்பு இருக்கிறது. கடையில் முதலில் கைக்கு வருவது ஜிபி9. அதை எடுக்காதீர்கள், அது 16 சிலிண்டர், முழு வேகத்தில் செக்கனுக்கு 223 வெடிப்பு, காது உடனே மறுக்கும். எம்4க்கு மொன்றியலில் கட்டிய ஆர்எஸ்-18. அதே 12 சிலிண்டர் 251. கனடா முழுவதும் சரக்கு இழுத்த எஞ்சின். செயின்ட்-கொன்ஸ்டானில் இருக்கும் எக்ஸ்போரெயில் அருங்காட்சியகத்துக்குப் போனால் எம்எல்டபிள்யூ கட்டிய எஞ்சின்களைத் தொட்டே பார்க்கலாம்.

ஆர்எஸ்-18இன் கோப்பை ஏற்றிவிட்டு எஞ்சினைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒன்றும் சொல்லாமல், சும்மா நிற்கும் ஓட்டத்தை மட்டும் போட்டேன். அப்பா கொடிகாமத்தில் வளர்ந்தவர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சிக்னல் விழேல்லைப் போல," என்றார்.

"என்ன அப்பா?"

"மெயில் கோச்சி. இரவிலை எங்கடை ஸ்ரேசனுக்கு வெளியாலை சிக்னலுக்கு நிக்கும். இப்பிடித்தான் கிடந்து முழங்கும். நாங்கள் படுத்திருந்து கேக்கிறது."

பிறகு ஹோர்ன் பொத்தானை அமத்தினேன். உடனே தலை நிமிர்ந்தது.

"இது பிழை. இது இஞ்சத்தையான்."

அவர் சரி. அது இங்கத்தைய ஹோர்ன்தான். அதற்கும் ஒரு வரலாறு உண்டு, அதுவும் கனடிய வரலாறு. டீசல் எஞ்சின்கள் வந்த புதிதில் ஒற்றைச் சுரத்தில் அலறும் ஹோர்ன்கள் இருந்தன. நீராவி விசிலுக்குப் பழகிய மக்கள் அதைக் கேட்டு லொறி வருகிறது என்று நினைத்தார்கள். ரயில் கடவைகளில் விபத்து நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரயில்வே பரிசோதகராக இருந்த ரொபேர்ட் ஸ்வான்சன் இதை எடுத்துக்கொண்டார். பல கூம்புகளை ஒரே காற்றில் ஊதவைத்து, நீராவி விசில் மாதிரி ஒரு கூட்டுச் சுரம் வரும் ஹோர்னை 1940களின் இறுதியில் உருவாக்கினார். ஏர்சைம் என்ற பெயரில் வட அமெரிக்கா முழுவதும் பரவியது அதன் வாரிசுதான். கனடிய எஞ்சின்களில் பொதுவாக மூன்று கூம்பு, அமெரிக்கப் பயணிகள் ரயில்களில் பொதுவாக ஐந்து. வன்கூவரில் ஒவ்வொரு நண்பகலும் கனடிய தேசிய கீதத்தின் முதல் நான்கு சுரங்களை ஊதும் ஹோர்ன்களைக் கேட்டிருந்தால், அவையும் ஸ்வான்சன் 1967இல் செய்தவைதான்.

ஆகவே எஞ்சின் ஒன்று, ஹோர்ன் வேறு. மொன்றியலில் கட்டிய இயந்திரத்தின் மேலே யாழ்ப்பாணத்து ஹோர்ன் வேண்டும். இயந்திரத்தின் சத்தம் இங்கே கிடைக்கும். ஹோர்னை அங்கே போய்த்தான் எடுக்கவேண்டும்.

அங்கே நீண்ட காலம் எடுக்க ஒன்றும் இருக்கவில்லை. 1985 ஜனவரியில் முறிகண்டிப் பக்கம் யாழ்தேவி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. 1990 ஜூனோடு யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பிடுங்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் போயின. ஸ்ரேசன்கள் கூரையில்லாமல் நின்றன. போர் முடிந்தபின் இந்தியாவின் இர்கோன் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. இருபத்துநாலு வருடம். அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் பிறந்த என் மச்சான்மார் வளர்ந்து பல்கலைக்கழகம் போகும்வரை ஊரில் ரயில் சத்தம் கேட்டதில்லை. பியர்பொன்ட்ஸில் இருந்த நான் அவர்களைவிட அதிகம் ரயில் கேட்டு வளர்ந்தேன் என்பது யோசித்தால் ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

நான் கேட்டது வேறு சத்தம். டு-மொன்தாய்ன் பாதை. மவுண்ட் றோயல் மலைக்குக் கீழே குடைந்த சுரங்கம் வழியாக 1918 ஒக்டோபரில் திறந்த மின்சார ரயில். திறந்த காலத்து ஜெனரல் எலெக்ட்ரிக் பெட்டி எஞ்சின்கள் 1995 ஜூன் வரை அதே பாதையில் இழுத்தன, 77 வருடம். அதில் டீசல் முழக்கம் கிடையாது. காற்று அமுக்கியின் தட்டல், விசிறியின் இரைச்சல், மணி, ஹோர்ன். யாராவது அந்த எஞ்சினின் மொடலுக்குச் சத்தம் போட்டால் இயந்திரத் துண்டுகளை அப்படியே எடுத்துவிட்டு இந்த நான்கையும் வைத்தால் போதும். அந்தப் பாதையும் 2020 கடைசியில் மூடப்பட்டு, 2025 நவம்பரிலிருந்து சாரதியில்லாத ஆர்ஈஎம் ஓடுகிறது.

யாராவது இதைச் செய்ய விரும்பினால், சில விஷயங்கள். முதலாவது, தண்டவாள அகலத்தைப் பற்றி மண்டையை உடைக்காதீர்கள். இலங்கைப் பாதை 1,676 மில்லிமீற்றர். 1:87 அளவில் அதற்கு 19 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டும், கடையில் கிடைப்பது 16.5. காதுக்கு அது தெரியாது.

இரண்டாவது, சீனிக்கட்டி ஸ்பீக்கரால் ஆழ்ந்த ஒலியைத் தர முடியாது. நூறு, இருநூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே அதிலிருந்து உருப்படியாக ஒன்றும் வராது. செக்கனுக்கு 40 வெடிப்பு என்று மேலே கணக்குப் போட்டோமே, அந்த 40 ஹேர்ட்ஸை அது ஒருநாளும் எழுப்பாது. ஆனாலும் எங்களுக்கு முழக்கம் கேட்கிறது. 40இன் மடங்குகளான உயர்ந்த ஒலிகள் வந்தால், அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளியை வைத்து இல்லாத அடிச் சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே கோப்பில் பேஸைக் கூட்டாதீர்கள். குறையுங்கள். வெட்டிவிட்டால் சவ்வு வீணாக அதிராது, மிச்சம் தெளிவாக வரும். ஸ்பீக்கரின் பின்பக்கம் காற்றுப் புகாத மூடி கட்டாயம் வேண்டும். அது கழன்றிருந்தால் நல்ல கோப்பும் நுளம்பு மாதிரித்தான் பாடும்.

மூன்றாவது, சத்த அளவு. லொக்சவுண்டில் மொத்த அளவு சிவி 63. பெட்டியைத் திறந்தவுடன் பாதிக்குக் குறையுங்கள். ஒரு முழு எஞ்சின் அறைக்குள் நிற்கிறது மாதிரிக் கேட்பதைவிட, ரெண்டு வளவு தள்ளிப் போகிறது மாதிரிக் கேட்டால்தான் மொடலின் அளவுக்குப் பொருந்தும். ஊரில் எல்லாரும் அதைக் கேட்டதும் அப்படித்தான்.

மிச்சம் ஹோர்ன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மச்சானோ மச்சாளோ ஒருவருக்கு மெசேஜ் போடுங்கள். எம்4 இன்றைக்கு ஐம்பது வயது தாண்டிய எஞ்சின், எப்போதும் அந்தப் பக்கம் வரும் என்றில்லை. வராவிட்டாலும் கவலையில்லை, இலங்கையின் எம்8 எஞ்சின்கள் வாரணாசியில் கட்டியவை, அவையும் அல்கோ 251தான். கூடவே இயந்திரமும் பதிவானால் நல்லது. போனை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், ரயிலோடு திருப்ப வேண்டாம். காற்று மைக்கில் அடிக்காமல் ஒரு மதிலுக்குப் பின்னால் நிற்கவேண்டும். ஹோர்ன் தொடங்க முன்னம் இரண்டு மூன்று செக்கன் வெறும் எஞ்சின் வேண்டும், தொடக்கத் துண்டை வெட்ட அது தேவை. கடவைக்கு இங்கே நீளம், நீளம், குறுகல், நீளம் என்று அடிப்பார்கள்; அங்கே அடிக்கிறது எப்படி என்றும் கேட்டு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்த முதல் பதிவில் ரயில் கிட்ட வரும்போது சித்தி ஆட்டைக் கூப்பிடுகிறா. அதை வெட்டவேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். இப்போது பன்னிரண்டாம் பொத்தானை அமத்தினால் ஹோர்னும் சித்தியும் சேர்ந்து வருகிறார்கள்.